வேர்ப்பொடி 200 கிராம், 18 வெள்ளி 90 காசு: மூன்று மாதம் போட்டுப் பார்த்த கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பொடி ஏமாற்று வேலை இல்லை. ஆனால் பொட்டலத்தின் மேல் படம் போட்டிருக்கிற எல்லாச் செடிக்கும் ஆகிற பொருளும் இல்லை. எந்தச் செடிக்கு வாங்கலாம், எதற்கு வாங்கினால் காசு தண்டம் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் போடவில்லை. இதே சரக்கு நாலைந்து பெயரில் நாலைந்து நிறப் பொட்டலத்தில் வருகிறது, பின்பக்கம் படித்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: வேரோடு சேர்ந்து வாழ்கிற மைக்கோரைசா பூஞ்சை, பேசில்லஸ் பாக்டீரியா, டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சை, கூடக் கொஞ்சம் ஹியூமிக் அமிலம்.

எங்கள் வீடு சிங்கப்பூரில், ஈசூனில் ஒன்பதாவது மாடி. காலை வெயில் நாலு மணி நேரம் காரிடாரில் விழும். 1.2 மீட்டர் வழி விட்டுவிட்டு மீதி இடத்தில்தான் என் தோட்டம்: மிளகாய், கறிவேப்பிலை, கீரை, கொஞ்சம் சாய் சிம் என்ற சீனக் கீரை. 2020-இல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலம் அனுப்பியதே, அப்போது பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை.

பொடியை வாங்கியது சுவா சூ காங் பக்கம் ஒரு நர்சரியில். கடையைப் பற்றி ஒரு குறை, ஒரு நிறை. குறை என்னவென்றால், பொட்டலங்களை முன்வரிசையில், தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வெயில் நேராகப் படுகிற அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது உயிர். பூஞ்சை வித்துக்கு அந்தச் சூடு ஆகாது. நான் எடுத்த பொட்டலத்தில் தயாரித்த தேதி பதினாலு மாதத்துக்கு முந்தியது. அங்கே வேலை செய்கிற தம்பி பட்டுக்கோட்டைக்காரர், நான் தேதியைத் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் நாலு மாதச் சரக்கு ஒன்று எடுத்துவந்து கொடுத்தார். "அக்கா, ஊர்ல இதை வேம்னு சொல்வோம். மேல தூவிடாதீங்க, வேர்ல படணும்" என்றார். வேம் என்பது இந்த மைக்கோரைசாவின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் (VAM). வேரில் படணும் என்ற அந்த ஒரு வரிதான் நிறை. பொட்டலத்தில் இருக்கிற இரண்டு பக்கக் குறிப்பில் அது கடைசியில், பொடி எழுத்தில் இருக்கிறது.

வேரில் ஏன் பட வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் போட்ட சோதனை புரியாது.

மிளகாய்ச் செடி ஒன்றைப் பிடுங்கி உதறிப் பாருங்கள். பெரிய கட்டி எல்லாம் விழுந்துவிடும். ஆனால் மெல்லிய வேரைச் சுற்றி, புட்டு மாவு போலப் பொடியாக ஒரு மண் ஒட்டிக்கொண்டே இருக்கும், விரலால் தேய்த்தால்தான் வரும். அந்த இரண்டொரு மில்லிமீட்டர் மண்தான் வேர்மண்டலம். 1904-இல் லோரென்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் இதற்குத் தனிப்பெயர் வைத்தார், ஏனென்றால் அரை விரல் தள்ளி இருக்கிற மண்ணில் வாழ்கிற கூட்டமும் இங்கே வாழ்கிற கூட்டமும் ஒன்றில்லை. இலை வெயிலில் சமைக்கிற சர்க்கரையில் பத்தில் ஒரு பங்கு, சில செடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே, வேர் வழியாக வெளியே மண்ணுக்குப் போய்விடுகிறது: சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம், வேர் நுனியில் கசிகிற கோழை. நாம் கோலத்தை அரிசி மாவில் போடுவது எறும்புக்கும் குருவிக்கும் சேர்த்துத்தானே, அது மாதிரி, ஆனால் வேர் போடுகிற மாவு எல்லோருக்கும் பொது இல்லை. எந்த மாவைப் போட்டால் யார் வருவார்கள் என்று வேருக்குக் கணக்கு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் காட்டு ஓட்ஸ் செடியை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், செடி வளர வளர வேர் விடுகிற பொருள்கள் மாறுவதையும், அதில் அரோமாட்டிக் என்ற வகைக் கரிம அமிலங்களை விரும்பித் தின்கிற பாக்டீரியாக்கள்தான் வேரைச் சுற்றிப் பெருகுவதையும் காட்டினார்கள். நுனி முன்னே போய்க்கொண்டே இருக்கும். நுனிக்குப் பக்கத்தில் சர்க்கரையை அவசரமாகத் தின்று பெருகுகிற கூட்டம், நாலு விரல் பின்னால் பழைய வேரில் நிதானமாக நாரைத் தின்கிற வேறு கூட்டம். ஒரே வேரில் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரி.

ஆக, பொட்டலத்தில் நாம் வாங்கி வருவது ஆட்களை. அவர்களைச் சேர்த்துக்கொள்வதும் தள்ளுவதும் வேரின் முடிவு. இது புரிந்த பிறகு பொட்டலத்தை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

சிங்கப்பூரில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இங்கே நர்சரியில் தொட்டி மண் என்று கேட்டால் முக்கால்வாசி பேர் கொடுப்பது பர்ன்ட் எர்த், சுட்ட களிமண். தண்ணீர் வடியும், புழு பூச்சி இருக்காது, காரிடாருக்குச் சுத்தம். ஆனால் சுட்டாயிற்று. புது மூட்டையைப் பிரித்து முகர்ந்து பாருங்கள், செங்கல் வாசம்தான் வரும். மழை பெய்தால் வருகிற மண்வாசனை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்கிற பாக்டீரியா கூட்டம் செய்கிற ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசம், அது செத்த மண்ணில் வராது. கம்போஸ்ட் கலந்தால் பாக்டீரியா வந்துவிடும், சரி. ஆனால் மைக்கோரைசா பூஞ்சை வருவது கஷ்டம், ஏனென்றால் அதற்கு உயிருள்ள வேர் இல்லாமல் பிழைப்பே இல்லை. தனக்கு வேண்டிய கொழுப்பைக்கூட அதனால் செய்துகொள்ள முடியாது, செடிதான் கொடுக்கிறது என்று 2017-இல்தான் தெரியவந்தது. பதிலுக்கு அது, வேர்த் தூவியை விட மெல்லிய நூலை வேர் எட்டாத தூரத்துக்கு அனுப்பி பாஸ்பரஸை இழுத்துக்கொண்டு வந்து கொடுக்கும். 40 கோடி ஆண்டுப் பழைய உறவு இது, ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த புதைபடிவச் செடிகளுக்குள்ளேயே இந்தப் பூஞ்சை இருக்கிறது. அப்பேர்ப்பட்ட உறவைத்தான் சூளையில் போட்டுச் சுட்டுவிட்டு மூட்டை கட்டி விற்கிறார்கள். அதனால் நம் ஊரில் இந்தப் பொடிக்கு நியாயமான ஒரு வேலை இருக்கத்தான் செய்கிறது.

சோதனை இதுதான். ஒரே விதையில் முளைத்த மிளகாய் நாற்று ஒன்பது. எல்லாவற்றுக்கும் ஒரே பர்ன்ட் எர்த், ஒரே கம்போஸ்ட், ஒரே அளவுத் தொட்டி. மூன்றுக்குப் பொடி, நடும்போது குழியில் 5 கிராம், வேரில் படும்படி. மூன்றுக்கு ஒன்றும் இல்லை. மீதி மூன்றுக்கு எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் முருங்கைக்கு அடியில் இருந்து இரண்டு கைப்பிடி மண், இலவசம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மாமாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். இது போக, ஒரு நீளப் பெட்டியில் பாதி பொடி போட்டும் பாதி போடாமலும் தண்டுக்கீரை, அதே மாதிரி இன்னொன்றில் சாய் சிம். காராமணி இரண்டு தொட்டி, ஒன்றில் பொடி, ஒன்றில் தோட்டத்து மண்.

உரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், பொட்டலக்காரர்கள் மேல் எனக்கு இருக்கிற பெரிய வருத்தமே அதுதான். போன வருடம் இதே பொடியை ஒருமுறை வாங்கி, வாரா வாரம் பூ பிடிக்கிற திரவ உரமும் ஊற்றினேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, பொடி மேல்தான் பழி போட்டேன். அந்த உரத்தில் பாஸ்பரஸ் தூக்கல். செடிக்குப் பாஸ்பரஸ் பசி எடுத்தால்தான் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்கிற பொருளை அதிகமாக விட்டு இந்தப் பூஞ்சையைக் கூப்பிடும், பூஞ்சை நூல் அதை உணர்ந்து கிளை கிளையாகப் பிரியும். நாமே பாஸ்பரஸை ஊற்றிவிட்டால் செடி ஏன் கூப்பிடப் போகிறது, வந்தவனுக்குச் சர்க்கரை கொடுப்பதும் அதற்கு நட்டம்தானே. இதைப் பொட்டலத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை, அது போதாதென்று கடையில் பொடியையும் அதே பூ உரத்தையும் சேர்த்துக் கட்டி ஜோடி விலை போட்டு வைத்திருக்கிறார்கள்! இந்த முறை திரவ உரத்தை மூன்று மாதமும் தொடவே இல்லை, மாதம் ஒருமுறை ஒரு கை கம்போஸ்ட், அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் வரை ஒன்பதும் ஒரே மாதிரிதான் இருந்தன. அப்புறம் பிரிந்தது. ஒன்றும் போடாத மூன்றும் இலை சின்னதாக, கொஞ்சம் கருநீலம் ஓடி நின்றன. மற்ற ஆறும் எழும்பின. பன்னிரண்டாவது வாரம் வரை பறித்த காய்: ஒன்றும் போடாததில் 11, 14, 9. பொடி போட்டதில் 19, 23, 17. தோட்டத்து மண்ணில் 26, 21, மூன்றாவது செத்துவிட்டது. மூன்று மூன்று தொட்டிதான், இதை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது, ஆனால் என் காரிடாரில் நடந்தது இது.

செத்த செடியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பொடியின் மதிப்பு எனக்குத் தெரிந்தது. காலையில் நன்றாக இருந்தது, மத்தியானம் தொங்கியது, சாயங்காலம் கொஞ்சம் நிமிர்ந்தது, மூன்றாவது நாள் பச்சை நிறம் மாறாமலேயே துவண்டு போனது. தண்டை அடியில் வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடித்தேன். இரண்டு நிமிடத்தில் வெட்டுவாயில் இருந்து பால் மாதிரி ஒரு வெள்ளை இழை, ஊதுபத்திப் புகை கீழ்நோக்கி இறங்குவது போல, தண்ணீரில் இறங்கியது. பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்கிற பாக்டீரியா, மிளகாய், கத்திரி, தக்காளிக் குடும்பத்துக்கு எமன், நம்முடைய சூடும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். மாமாவிடம் போய்ச் சொன்னேன். "அடடா, போன வருஷம் அந்த முருங்கைக்குப் பக்கத்துலதாம்மா கத்திரி வெச்சிருந்தேன், வரிசையா வாடிச்சு" என்றார். வேர் கசிகிற அதே சர்க்கரையும் அமிலமும்தான் இந்த எதிரிக்கும் வழி காட்டுகிறது, மோப்பம் பிடித்து நீந்தி வருகிறான். தோட்டத்து மண்ணில் நல்லவனும் கெட்டவனும் சேர்ந்தே வருவான். பொட்டலத்தில் வருவது குறைவான ஆட்கள், ஆனால் எதிரி கலக்காத ஆட்கள். அந்த 18 வெள்ளி 90 காசு எதற்கு என்றால் நான் இதற்குத்தான் என்பேன். மற்றபடி "வாடல் நோய் அண்டாது" என்று பொட்டலத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பேசில்லஸ் வேரில் குடியேறினால் உதவி செய்யும் என்பது உண்மை, இலையில் நோய் கண்ட செடி வேரில் மேலிக் அமிலத்தைக் கூட்டி பேசில்லஸைத் துணைக்கு அழைப்பதை 2008-இல் ஒரு சின்னச் செடியில் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது உத்தரவாதம் இல்லை.

இவ்வளவும் வெளியே தெரிந்த கணக்கு. உள்ளே என்ன நடந்தது என்று பார்க்காமல் எனக்கு மனசு ஆறவில்லை. மகள் பாலிடெக்னிக்கில் உயிரியல் படிக்கிறாள். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் வேர்நுனியைச் சின்னக் குப்பியில் எடுத்துப் போனாள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து நிறத்தை எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரில் பேனா மையைக் கலந்து அதில் ஊறவைப்பார்களாம், பூஞ்சை மட்டும் நீலம் பிடிக்கும். அந்தக் காரத்தை வீட்டில் யாரும் தொட வேண்டாம், கை வெந்துவிடும், ஆய்வுக்கூடத்தில் கையுறை போட்டுத்தான் செய்தாள். இரவு போனில் படம் காட்டினாள். "அம்மா, இங்க பாருங்க, இதுதான் வெறும் மண்ணு." கண்ணாடி மாதிரி வெற்று வேர், உள்ளே செங்கல் அடுக்கியது போலக் கட்டம் கட்டமாகச் செல்கள், நீலமே இல்லை. அடுத்த படம் பொடி போட்டது: அந்தக் கட்டங்களுக்கு நடுவில் நீல நூல் ஓடுகிறது, அங்கங்கே முட்டை வடிவத்தில் நீலப் பைகள், ஒரு செல்லுக்குள் குட்டி மரம் ஒன்று கிளை விரித்து நிற்கிறது. அந்த மரத்தில்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது, பாஸ்பரஸ் உள்ளே, சர்க்கரையும் கொழுப்பும் வெளியே. நான் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது, முருங்கையடி மண்: நீலம் இன்னும் அடர்த்தி. கடைப் பொடிகளில் நிறைய வேரில் பிடிப்பதே இல்லை என்று வெளிநாட்டு ஆய்வுகளில் வந்திருக்கிறது, அதனால் இது பிடித்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நாலு மாதச் சரக்காகப் பார்த்து எடுத்துக்கொடுத்த தம்பிக்கு நன்றி.

கீரை, சாய் சிம் இரண்டின் வேரிலும் ஒரு புள்ளி நீலம் இல்லை. விளைச்சலிலும் பொடி போட்ட பாதிக்கும் போடாத பாதிக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. இது பொடியின் குற்றம் இல்லை. கடுகுக் குடும்பத்துச் செடிகள், அதாவது சாய் சிம், காய்லான், பக் சோய், முள்ளங்கி எல்லாம் இந்தப் பூஞ்சையோடு உறவை எப்போதோ முறித்துக்கொண்டவை. தண்டுக்கீரை, அரைக்கீரைக் குடும்பமும் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றின் வேரைச் சுற்றியும் பாக்டீரியா கூட்டம் இருக்கிறது, அது வேறு கூட்டம். அப்படியிருக்க, பொட்டலத்தின் முன்பக்கத்தில் தளதளவென்று சாய் சிம் படம் போட்டு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்திலேயே ஆர்க்கிட் படமும் இருக்கிறது. ஆர்க்கிட்டுக்கும் பூஞ்சை இல்லாமல் ஆகாது, அதன் விதை இயற்கையில் முளைப்பதற்கே பூஞ்சைத் துணை வேண்டும், ஆனால் அது முற்றிலும் வேறு வகைப் பூஞ்சை. வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் இந்தப் பொடியை வாங்கித் தூவ வேண்டாம்.

காராமணிக்கும் ஆசைப்படாதீர்கள். பொடித் தொட்டியில் செடி வளர்ந்தது, ஆனால் வேரில் முடிச்சு ஒன்றுகூட இல்லை, காரணம், பயறு வேரில் முடிச்சு கட்டி, காற்றில் இருக்கிற நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கிற ரைசோபியம் என்ற பாக்டீரியாவைப் பொட்டலத்தில் சேர்க்கவில்லை. தோட்டத்து மண் தொட்டியில் மிளகு அளவு முடிச்சுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் பொருள் அதில் இருக்கிறது, சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். பயறு வகையின் வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளை விட்டுக் கூப்பிடும், அதற்குரிய பாக்டீரியா பதில் சொல்லும், அந்தப் பதிலை அடையாளம் கண்ட பிறகுதான் வேர்த் தூவி சுருண்டு அதை உள்ளே விடும். மண்ணில் இல்லாத ஆளை எவ்வளவு கூப்பிட்டும் என்ன செய்ய.

வாங்குகிறவர்களுக்கு: தயாரித்த தேதியைப் பாருங்கள், ஆறு மாதத்துக்குள் என்றால் நல்லது. பின்பக்கத்தில் யூரியா, பாஸ்பேட் என்று உரமும் கலந்திருந்தால் வைத்துவிடுங்கள், செடி பச்சையானாலும் பூஞ்சையால் ஆனதா உரத்தால் ஆனதா என்று கடைசி வரை தெரியாது. 1 கிலோ பை மலிவாகத் தெரியும், காரிடார்த் தோட்டத்துக்கு 200 கிராமே வருடம் முழுக்க வரும், பிரித்த பிறகு நம் ஈரக்காற்றில் கட்டி பிடித்துவிடும். தட்டில் தண்ணீர் தேங்கவிட்டு வைக்காதீர்கள், கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை, வேருக்கு மூச்சு முட்டினால் இந்தப் பூஞ்சைக்கும் மூச்சு முட்டும்.

5-க்கு 3 கொடுக்கிறேன். சரக்குக்கு மட்டும் என்றால் 4 கொடுத்திருப்பேன், படத்துக்காகவும் ஜோடி விலைக்காகவும் ஒன்றைக் குறைத்தேன். திரும்ப வாங்குவேனா என்றால், மிளகாய், தக்காளி, கத்திரிக்கு வாங்குவேன். மற்றதற்கு மாமா தோட்டத்து மண் போதும், இந்தத் தடவை கத்திரி நின்ற பக்கம் எடுக்காமல் வாழைக்கு அடியில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பொட்டலத்தில் முக்கால்வாசி இன்னும் மீதி இருக்கிறது, வாயை இறுக்கக் கட்டி இருட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கறிவேப்பிலையைப் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். அது எலுமிச்சைக் குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பூஞ்சை இல்லாமல் கஷ்டம். தொட்டியும் பர்ன்ட் எர்த்தும் வாங்கி வைத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேரைக் கலைக்காமல் எடுத்து வைக்க வேண்டும்.